முருங்கை இலையும் மூளைக் கட்டியும்: ஒரு நானோ மேசை போடுவது எப்படி

போன வருடம் என் பேத்தியின் பாடசாலைக் கண்காட்சியில் அவளுடைய குழுவுக்கு விழுந்த தலைப்பு "மூளைச் சத்திரசிகிச்சையிலும் ஸ்கானிலும் நானோ", அதாவது மிகமிகச் சின்னத் துணிக்கைகளைக் கொண்டு செய்யும் மருத்துவம். பிள்ளைகள் ரெஜிபோமில் பெரிய மூளை ஒன்று செதுக்கி, ரோஸ் நிறம் அடித்து, அதற்குள் ஆறு காலோடு குட்டி ரோபோக்கள் நடப்பதுபோலக் கம்பியில் செய்து வைத்தார்கள். பார்க்க வடிவாகத்தான் இருந்தது. இரண்டாம் நாள் பின்னேரம் ஒருவர் ஸ்கான் படப் பையைக் கக்கத்தில் செருகியபடி அந்த மேசைக்கு முன்னால் கனநேரம் நின்றாராம். பிறகு கேட்டாராம்: "பிள்ளை, இந்த நானோ மருந்து எங்கை எடுக்கலாம்? மனிசிக்கு வேணும்."

அன்றைக்குப் பேத்தி இராச்சாப்பாடு சாப்பிடவில்லை. "அம்மம்மா, நான் அவருக்கு என்ன சொல்லியிருக்கோணும்?"

நான் 31 வருடம் உயர்தரப் பிள்ளைகளுக்கு இரசாயனவியல் படிப்பித்தவள். எனக்கும் உடனே மறுமொழி வரவில்லை. அப்புறம் இரண்டு பேருமாக இருந்து வாசித்து, இந்த வருடம் மேசையை அடியிலிருந்து திருப்பிப் போட்டோம். ரெஜிபோம் மூளை இப்போது எங்கள் கோழிக்கூட்டுக்கு மேலே கிடக்கிறது. வேறு இரண்டு பாடசாலை ஆசிரியர்கள் செய்முறை கேட்டதால் எழுதி வைக்கிறேன். எல்லாச் சாமானும் யாழ்ப்பாணம் திருநெல்வேலிச் சந்தையிலும் ஒரு பார்மசியிலும் எடுக்கலாம்.

முதலில் மட்டை வெட்டுங்கள், சாமான் பிறகு

நாலு நிறத்தில் மட்டை வாங்குங்கள். பச்சை மட்டை: ஆட்களுக்குக் கொடுக்க எங்காவது ஒரு நாட்டில் அனுமதி கிடைத்தது. மஞ்சள் மட்டை: நோயாளிகளில் சோதித்துப் பார்க்கிறார்கள். வெள்ளை மட்டை: எலியில் மட்டும். சிவப்பு மட்டை: இது நானோவே இல்லை, ஆனால் அதே வேலைக்கு உதவுகிற பக்கத்து வீட்டுக்காரர். மேசையில் வைக்கிற ஒவ்வொன்றுக்கும் ஒரு மட்டை. எந்த மட்டை என்று சொல்லத் தெரியாத சாமானை மேசையில் வைக்கவேண்டாம். ரோபோக்கள் இந்தக் கட்டத்திலேயே விழுந்துவிட்டன.

மட்டையில் தமிழில் எழுதுங்கள். பெடியள் உடனே "டீச்சர், தமிழில் எழுதினால் ஆருக்கு விளங்கும்?" என்பார்கள். மானிப்பாயில் 19 ஆம் நூற்றாண்டில் சாமுவேல் கிறீன் என்ற அமெரிக்க வைத்தியர் நம்முடைய பெடியளுக்கு மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே படிப்பித்து, புத்தகங்களையும் தமிழில் அச்சடித்தவர். அவருக்கு முடிந்தது எங்களுக்கு முடியாதா? 'துணிக்கை' என்று எழுதுங்கள். குட்டித் துணிக்கைகள் பரவி நிற்கும் திராவகத்துக்குக் 'கூழ்மம்' என்று எழுதுங்கள். அதை எழுதினால் ஒடியற் கூழ் எங்கே என்று ஒருவர் கட்டாயம் கேட்பார், கேட்கட்டும். நானோ என்றால் அந்தச் சின்னக் கார்தானே என்று இன்னொருவர் கேட்பார், அதற்கும் சிரித்துவிடுங்கள்.

அளவைக் காட்டுவது

ஒரு மில்லிமீற்றரில் பத்து இலட்சம் நானோமீற்றர். இதைச் சொன்னால் எல்லாரும் தலையாட்டுவார்கள், ஒருவருக்கும் விளங்காது. நாங்கள் இப்படிச் சொன்னோம். தலைமயிரின் தடிப்பு 80,000 முதல் 100,000 நானோமீற்றர் வரை. ஸ்கானில் பாவிக்கிற இரும்புத் துணிக்கை ஒன்று ஏறக்குறைய 30. அந்தத் துணிக்கையை ஒரு கடுகு என்று வைத்துக்கொண்டால், தலைமயிரின் தடிப்பு பெரிய தோட்டக் கிணறு ஒன்றின் வாய் அகலத்துக்கு வரும். ஒரு தட்டில் நாலு கடுகு வையுங்கள், போதும்.

சின்னதாக்கினால் என்ன இலாபம் என்பதற்கு ஒரு கணக்கு. ஒரு சென்ரிமீற்றர் பக்கமுள்ள பனங்கட்டித் துண்டு ஒன்றுக்கு ஆறு முகமும் சேர்ந்து ஆறு சதுர சென்ரிமீற்றர் மேற்பரப்பு. அதையே ஒரு நானோமீற்றர் பக்கமுள்ள குட்டிக் கட்டிகளாக வெட்ட முடிந்தால் மேற்பரப்பு 6,000 சதுர மீற்றர். நம்முடைய கணக்கில் கிட்டத்தட்ட 24 பரப்புக் காணி! மருந்தையும் சாயத்தையும் ஒட்டி வைக்க அவ்வளவு இடம். இந்தக் கணக்கைச் சொன்னபோதுதான் அப்பாமார் முதன்முதலாக மேசைக்குக் கிட்ட வந்தார்கள்.

பக்கத்தில் இரண்டு கண்ணாடிக் குவளை. ஒன்றில் உப்புத் தண்ணீர், மற்றதில் தண்ணீரும் இரண்டு மூன்று துளி பாலும். பக்கவாட்டாக லேசர் ரோச்சை அடித்தால் உப்புத் தண்ணீரில் ஒளிக்கோடு தெரியாது, பாலில் கம்பிபோலத் தெரியும். பாலிலுள்ள கேசீன் உருண்டைகள் நூறு, இருநூறு நானோமீற்றர் அளவிலானவை. லேசரை ஒருவருடைய கண்ணிலும் படவிடக் கூடாது. அந்த ரோச்சை ஒரு பொறுப்பான பிள்ளையின் கையில் கொடுங்கள், குறும்புக்காரனிடம் வேண்டாம்.

வேலியும் பொட்டும்

மூளைக்கு மருந்து கொடுப்பது ஏன் இவ்வளவு கஷ்டம்? இதை விளக்காமல் நானோவைக் காட்டிப் பிரயோசனம் இல்லை. 1885 இல் ஜேர்மனியில் போல் ஏர்லிக் விலங்குகளின் குருதியில் சாயம் ஏற்றிப் பார்த்தார். உடம்பெல்லாம் நிறம் பிடித்தது, மூளை மட்டும் வெள்ளையாகவே இருந்தது. மூளைக்கு அந்தச் சாயத்தில் விருப்பமில்லை என்று அவர் நினைத்தார். 1913 இல் அவருடைய மாணவர் கோல்ட்மன் சாயத்தை மூளையைச் சுற்றியுள்ள நீருக்குள் நேரே விட்டார். இப்போது மூளை நிறம் பிடித்தது, மற்ற உடம்பு பிடிக்கவில்லை. ஆகவே நடுவில் ஏதோ தடுப்பு இருக்கிறது.

யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு இதை விளக்குவது மிகச் சுகம். உடம்பின் மற்ற இடங்களில் குருதி ஓடும் நுண்குழாய்ச் சுவர் எங்கள் ஊர்க் கிடுகு வேலி மாதிரி. இடையில் பொட்டு, அதாவது ஓட்டை, இருக்கும், நாயும் போகும், கோழியும் போகும், அயல் வீட்டுப் பெடியனும் போவான். மூளையின் நுண்குழாய்களில் கலங்கள் நெருக்கமாகத் தைத்தபடி இருக்கின்றன. பொட்டே இல்லை, படலை மட்டும்தான். சீனிக்கு ஒரு படலை, அமினோ அமிலங்களுக்கு வேறொன்று. கொழுப்பில் கரையும் சின்ன மூலக்கூறுகள் சுவருக்குள்ளாலேயே நழுவிப் போய்விடும். மற்றவர்கள் வெளியே நிற்கவேண்டியதுதான். இந்த நுண்குழாய்களை எல்லாம் நீட்டி ஒன்றோடொன்று தொடுத்தால் ஏறக்குறைய 600 கிலோமீற்றர் வருமாம். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பே 400 தான். அவ்வளவு நீளத்துக்கும் வேலி!

செய்து காட்ட: பீற்றூட்டை அரைத்துப் பிழிந்த சாற்றை இரண்டு சின்னப் பொலித்தீன் பையில் நிரப்பி, றப்பர் பாண்டால் இறுக்கிக் கட்டுங்கள். ஒன்றில் ஒரே இடத்தில் மூன்று நாலு ஊசித் துளை போட்டு, இரண்டையும் தண்ணீர்ப் போத்தல்களில் தொங்கவிடுங்கள். எங்களுக்கு முதல்தரம் ஒன்றும் நடக்கவில்லை, சாறு பேசாமல் பைக்குள்ளேயே இருந்தது. அடுத்ததரம் சாற்றில் ஒரு கரண்டி உப்புக் கரைத்தோம். பாரம் கூடியதால் துளை வழியே சிவப்பு நூல்போல இறங்கியது.

இதுதான் எம்.ஆர்.ஐ.க்கு முன்னால் ஊசியில் ஏற்றும் கடோலினியம் செய்கிற வேலை. கட்டி வளரும் இடத்தில் வேலியைக் கறையான் அரித்ததுபோல இருக்கும். மருந்து அங்கே கசியும், படத்தில் அந்த இடம் வெள்ளையாக மினுங்கும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். மினுங்குவது கட்டி அல்ல, வேலி உடைந்த இடம். வேலி இன்னும் உடையாத பக்கத்துக்குள்ளும் கட்டியின் கலங்கள் ஊர்ந்து போயிருக்கலாம், அவை மினுங்காது. முழு மேசையிலும் ஒரேயொரு விஷயம்தான் ஆட்கள் மனதில் நிற்கும் என்றால், அது இதுவாக இருக்கட்டும் என்று பேத்திக்குச் சொன்னேன்.

கடோலினியம் மருந்துக்கு அமெரிக்காவில் 1988 இல் அனுமதி கிடைத்தது. அது சாதாரண மூலக்கூறு, ஆகவே சிவப்பு மட்டை. அதன் பக்கத்தில் பச்சை மட்டையோடு நிற்பது ஃபெருமொக்சிற்றோல்: மாவுப்பொருள் உறை போட்ட இரும்பு ஒட்சைட்டுத் துணிக்கை. நான் முன்னர் கடுகாக்கிய 30 நானோமீற்றர்க்காரர் இவர்தான். 2009 இல் அமெரிக்காவில் இதற்கு அனுமதி கிடைத்தது சிறுநீரக நோயாளிகளின் இரத்தசோகைக்கு. அதையே பிறகு மூளை ஸ்கானுக்கும் எடுத்துப் பார்த்தார்கள். கடோலினியத்தின் பெரும்பகுதி ஒரு நாளுக்குள் சிறுநீரோடு போய்விடும். இது பெரிய ஆள், குருதியில் கனநேரம் சுற்றும், அழற்சிக் கலங்கள் இதை விழுங்கும், மூளைப் படத்தில் ஒரு நாள் கழித்துத்தான் நன்றாகத் தெரியும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இது ஒரு மாற்று வழி. குறையையும் அதே மட்டையில் எழுதுங்கள்: சிலருக்குக் கடுமையான ஒவ்வாமை வந்ததால் 2015 இல் மருந்துப் பெட்டியிலேயே பெரிய எச்சரிக்கை போட வைத்தார்கள்.

முருங்கை இலை

இதற்குத்தான் கூட்டம் கூடும், ஆகவே இதில் நேரம் செலவழியுங்கள்.

வைத்தியர் மண்டையைத் திறந்தபின் உள்ள பெரிய தலையிடி, கட்டியின் ஓரமும் நல்ல மூளையும் கண்ணுக்கு ஒரே மாதிரி இருப்பது. கூட வெட்டினால் பேச்சோ கையோ போய்விடும், குறைய வெட்டினால் கட்டி திரும்பி வரும். இதற்கு ஒரு வழி உண்டு. சத்திரசிகிச்சைக்கு மூன்று மணித்தியாலம் அளவுக்கு முன்னர், ஐந்து-அமினோலெவுலினிக் அமிலம் என்ற மருந்தைத் தண்ணீரில் கரைத்து நோயாளிக்குக் குடிக்கக் கொடுப்பார்கள். கட்டியின் கலங்கள் அதைப் புரோட்டோபோபிரின் என்ற பொருளாக மாற்றிச் சேர்த்து வைக்கும். நுணுக்குக்காட்டியில் நீல ஒளியைப் போட்டால் கட்டி சிவப்பாக ஒளிரும். ஐரோப்பாவில் 2007 இலும் அமெரிக்காவில் 2017 இலும் அனுமதித்தார்கள். 2006 இல் வெளியான ஜேர்மன் ஆய்வில், படத்தில் மினுங்கிய கட்டியை முழுதாக எடுக்க முடிந்தவர்கள் இந்த ஒளியோடு 65 சதவீதம், சாதாரண வெள்ளை ஒளியில் 36 சதவீதம்.

இந்தச் சிவப்பைக் காட்ட முதலில் மஞ்சள் தூளை எடுத்தோம். நோட்டுப் பார்க்கிற கழியூதா ரோச்சில் மஞ்சள் நன்றாகத்தான் ஒளிர்ந்தது, ஆனால் பச்சை கலந்த மஞ்சளாக. சிவப்பு எங்கே? 2020 இல் இறக்குமதியை நிறுத்தியபோது பொன்போல் விற்ற மஞ்சளில் மூன்று கரண்டி வீணாகியது. அப்போதுதான் ஞாபகம் வந்தது: செடிகளும் பச்சையத்தைக் கட்டுவது இதே அமிலத்தில் தொடங்கி, இதே புரோட்டோபோபிரின் வழியாகத்தானே! வேலியோரம் நின்ற முருங்கையை முறித்தோம்.

ஒரு பிடி முருங்கை இலையைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, உரலில் இடியுங்கள். நிறமில்லாத சேர்ஜிக்கல் ஸ்பிரிட் 50 மில்லிலீற்றர் விட்டு, மூடி, பத்து நிமிடம் வையுங்கள். மெல்லிய வெள்ளைத் துணியில் வடியுங்கள். கரும்பச்சைத் திராவகம் கிடைக்கும். இருட்டில் கழியூதா ரோச்சை அடித்துப் பாருங்கள், ரோச் படுகிற பக்கம் இரத்தச் சிவப்பாக ஒளிரும். பேத்தி முதல்தரம் பார்த்தபோது "ஐயோ அம்மம்மா" என்று ரோச்சைப் போட்டுவிட்டாள். ஸ்பிரிட் தீப்பிடிக்கும், ஆகவே அதற்குக் கிட்ட விளக்கோ அடுப்போ இருக்கக் கூடாது. குசினியில் செய்யாமல் விறாந்தையில் செய்யுங்கள். கழியூதா ஒளியை நேரே பார்க்கவும் விடாதீர்கள்.

இனி விளையாட்டு. மூடியுள்ள சின்னக் கண்ணாடிப் போத்தல் பன்னிரண்டு எடுங்கள். மூன்றில் முருங்கைத் திராவகம். ஒன்பதில் கேக்குக்குப் போடும் பச்சை நிறம் கரைத்த தண்ணீர். இரண்டு பச்சையும் ஒன்றுபோலத் தெரியும்வரை துளித்துளியாகச் சேர்த்துச் சரிப்படுத்துங்கள். எங்களுக்கு அதற்கே ஒரு மணித்தியாலம் போனது, அந்த நேரத்தைக் கஞ்சப்படுத்தவேண்டாம். ஒரு காட்போட் பெட்டிக்கு உள்ளே கறுப்புக் கடுதாசி ஒட்டி, பார்க்க ஒரு துளை வெட்டி, போத்தல்களை வரிசையாக அடுக்குங்கள். வருகிறவரிடம் முதலில் வெள்ளை ரோச்சைக் கொடுத்து "இதில் மூன்று கட்டி, கண்டுபிடியுங்கோ" என்று சொல்லுங்கள். தடுமாறுவார்கள். பிறகு கழியூதா ரோச். மூன்றும் எழும்பி நிற்கும்.

இதற்கும் சிவப்பு மட்டைதான். இந்த அமிலமும் ஒரு மூலக்கூறு, துணிக்கை அல்ல. பேத்திக்கு இது பிடிக்கவில்லை. "அம்மம்மா, எங்கட நல்ல சாமானெல்லாம் நானோ இல்லாததாய் இருக்குது." உண்மைதான். ஆனால் நானோக்காரர் எந்த இடத்தை நிரப்பப் பார்க்கிறார்கள் என்று இதற்குப் பக்கத்தில் வைத்தால்தான் தெரியும். மண்டையைத் திறந்ததும் மூளை சற்றுத் தாழும், நகரும். காலையில் எடுத்த ஸ்கான் படம் அப்போது சரியாகப் பொருந்தாது. ஒரே துணிக்கை முதல்நாள் எம்.ஆர்.ஐ.யிலும் தெரிந்து, மறுநாள் வெட்டும்போதும் இடத்தைக் காட்டினால் எவ்வளவு சுகம்! 2012 இல் தங்கத்தையும் சிலிக்காவையும் கடோலினியத்தையும் சேர்த்துச் செய்த துணிக்கையால் எலியின் மூளைக் கட்டியில் இதைச் செய்து காட்டினார்கள். வெள்ளை மட்டை. தங்கம் என்றதும் கஸ்தூரியார் வீதி நகைக்கடை விலை ஞாபகம் வந்து ஆட்கள் பெருமூச்சு விடுவார்கள். பாவிப்பது தூசுக்கும் குறைவு என்று சொல்லித் தேற்றுங்கள்.

காந்தம், சூடு

திறப்பு வெட்டுகிற கடையில் அரத்தூள் வாங்கும்போது இரும்புத்தூளா என்று காந்தம் வைத்துப் பாருங்கள். திறப்புகளில் பலது பித்தளை, அது காந்தத்துக்கு அசையாது. சிறிது இரும்புத்தூளைத் தேங்காயெண்ணெய் விட்ட போத்தலில் மூடி, வெளியே காந்தத்தை நகர்த்தினால் தூள் பின்னால் வரும். காந்தத்தைப் பொலித்தீனில் சுற்றி வைக்காவிட்டால் தூளை வழித்தெடுக்க உங்களுக்கு இரண்டு நாள் வேண்டும்.

சூட்டை விளக்க இன்டக்சன் அடுப்பு. மண்சட்டியை வைத்தால் அடுப்பு பேசாமல் இருக்கும், இரும்புத் தோசைக்கல்லை வைத்தால் சூடேறும். பேர்லினில் ஒரு கம்பனி இப்படித்தான் யோசித்தது. உறை போட்ட இரும்பு ஒட்சைட்டுத் துணிக்கைகளை மூளைக் கட்டிக்குள் ஊசியால் விட்டு, வெளியே நொடிக்கு ஒரு இலட்சம் தரம் மாறும் காந்தப் புலத்தில் நோயாளியை வைத்தார்கள். துணிக்கை சூடாகும், அதோடு கட்டியும் சூடாகும். (துணிக்கைக்குள் சூடு வரும் விதம் தோசைக்கல்லில் வருவதல்ல. உயர்தரப் பிள்ளை யாராவது கேட்டால் ஒத்துக்கொள்ளுங்கள்.) 2010 இல் ஐரோப்பாவில் அனுமதி கிடைத்தது, எனவே பச்சை மட்டை. ஆனால் கிட்டவுள்ள பல் அடைப்பு உலோகத்தையெல்லாம் முதலில் கழற்ற வேண்டும். துணிக்கை உள்ளே இருக்கும்வரை எம்.ஆர்.ஐ. படமும் அந்த இடத்தில் பழுதாகும், சி.ரி. ஸ்கான்தான் எடுக்கலாம். அந்தக் கம்பனி 2022 இல் நொடித்துப் போனது. பச்சை மட்டை கிடைத்ததெல்லாம் நிலைக்கும் என்றில்லை, இதையும் மட்டையில் எழுதினோம்.

எங்கள் அடுப்பை மண்டபத்தில் போட்டதும் மின்சாரம் விழுந்துவிட்டது, மேசைக்கு முன்னால் நின்ற ஐஸ்கிரீம்காரர் ஏசினார். வீட்டிலேயே செய்து, போனில் படம் பிடித்துக்கொண்டு போங்கள்.

மிச்சம் மூன்றைச் சுவரில் ஒட்டினால் போதும். பிரான்சில், மூளைக்குப் பரவிய புற்றுக்குக் கதிர் கொடுக்க முன்னர் ஐந்து நானோமீற்றர் அளவிலான கடோலினியத் துணிக்கையை ஏற்றிப் பார்க்கிறார்கள், முதற் சோதனையில் 15 பேர்: மஞ்சள். 2006 இல் பெப்டைட்டு (புரதத் துண்டு) நார்ச் சாரக்கட்டால் எலிச் சாதியான ஹம்ஸ்ரரின் வெட்டுப்பட்ட பார்வை நரம்புப் பாதையை வளரவிட்டது: வெள்ளை. பச்சையில் இன்னொன்று எல்லாருக்கும் பரிச்சயம். கொரோனா காலத்தில் மூன்றாவது ஊசியாகப் போட்ட பைசர், நூறு நானோமீற்றர் அளவிலான கொழுப்புத் துணிக்கைகளுக்குள் பொதிந்து வந்தது. "நானோவோ, எனக்கு வேண்டாம்" என்று சொன்ன ஐயாவிடம் பேத்தி அவருடைய சேர்ட் கையைக் காட்டி "இதுக்குள்ளை ஏற்கெனவே போட்டாச்சு" என்றாள். ஆனால் அந்தத் துணிக்கை மூளைக்குப் போவதற்குச் செய்ததல்ல. குருதியில் விட்ட துணிக்கைகளில் பெரும்பகுதியை ஈரலும் மண்ணீரலும் பிடித்து வைத்துக்கொள்ளும். அதைத் தாண்டி, வேலியையும் தாண்டவேண்டும். கஷ்டம் முழுவதும் அங்கேதான்.

ஸ்கான் பையோடு வருகிறவருக்கு

வருவார்கள். மேசைக்குப் பக்கத்தில் ஒரு கதிரை போட்டு வையுங்கள். நின்றபடி கதைக்கிற கதை அல்ல இது. பிள்ளைகளுக்கு நான் எழுதிக் கொடுத்தது: "ஐயா, இது நாங்கள் படிக்கிறதுக்குச் செய்தது, மருந்து இங்கை இல்லை. பச்சை மட்டையிலை இருக்கிறதைப் பற்றி உங்கட டொக்டரிட்டைக் கேட்டுப் பாருங்கோ. வெள்ளை மட்டையை நம்பி ஒரு சதமும் ஆருக்கும் குடுக்க வேண்டாம்." அதோடு ஒரு துண்டு. அதில் வைத்தியரிடம் கேட்க நாலு கேள்வி: இந்தப் படம் சாயம் ஏற்றி எடுத்ததா? மினுங்கும் இடத்துக்கு வெளியிலும் கட்டி இருக்குமா? எவ்வளவை எடுக்கலாம், எதை விடவேண்டும்? அடுத்த ஸ்கானுக்கு முன்னர் சிறுநீரகத்துக்கு இரத்தம் சோதிக்க வேண்டுமா? கீழே, சொல்ல மறக்கக் கூடாதவை: முன்னர் ஊசிக்கு வந்த ஒவ்வாமை, உடம்புக்குள் இருக்கும் உலோகம். எங்கள் ஊரில் ஷெல் துண்டு உடம்போடு இருக்கிறவர்கள் எத்தனை பேர். எம்.ஆர்.ஐ. அறைக்குள் போகமுன் அதைச் சொல்லியே ஆகவேண்டும்.

முருங்கைத் திராவகம் வெளிச்சத்தில் நின்றால் அடுத்த நாளே மண்ணிறமாகும், சிவப்பும் மங்கும். ஒவ்வொரு காலையும் புதிதாக இடியுங்கள்.

இந்த வருடம் அந்தக் கதிரையில் முதலில் வந்து இருந்தவர் கால் உளைந்த ஒரு ஆச்சி. பன்னிரண்டு போத்தலையும் பார்த்து, மூன்றையும் சரியாகக் கண்டுபிடித்து, அது என்ன என்று கேட்டார். பேத்தி சொன்னாள்.

"ஒரு சுண்டலுக்குக் காணும் இலையை இப்பிடிப் பழுதாக்கிறியளே பிள்ளை."